ஏழு மணி இருமல்

செய்தி வந்தபோது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால். எங்கள் குழந்தைகள் சிகிச்சை மையத்தில் வாராந்திரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேஜை நடுவில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட், ஆளுக்கொரு குவளைத் தேநீர், எதிரே அந்த வாரத்துக் கோப்புகள். வரவேற்பில் இருக்கும் அக்கா கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"லிஃப்ட்காரர் பொண்ணு இறந்துடுச்சாம். விடியக்காலை நாலு மணிக்கு. நெஞ்சுல சளி கட்டி. அவங்க வீட்டுல இருந்து போன் பண்ணாங்க."

பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்தப் பொண்ணு?"

"அதான் டாக்டர், சிவப்புப் பொட்டு. ஒம்பது வயசு. சக்கர நாற்காலி."

"ஓ, அதுவா." ஒரு மடக்கு தேநீர் குடித்தார். "பாவம். ஒரு விதத்துல அந்தக் குடும்பத்துக்கும் விடுதலைதான்."

சமூகப் பணியாளர் அம்மாள் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். நேரம் ஒதுக்கும் எழுத்தர் பேனாவைத் திறந்தார். "அப்போ வியாழக்கிழமை பதினொன்றரை காலி. வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த ஆளப் போட்டுடவா?"

யாரும் அவரை முறைக்கவில்லை. நானும் முறைக்கவில்லை. என் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. மீதியையும் தின்றேன். அதற்குப் பிறகு மூன்று நாட்களாக எதை வாயில் வைத்தாலும் அந்த இனிப்பு மாவுதான் நாக்கில் ஒட்டுகிறது.

அந்தப் பெண்ணின் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். அவரைப் பற்றி எங்கள் கோப்பில் நிறைய எழுதியிருக்கிறோம். அதில் ஒரு வரிகூட அவரைப் பற்றியது இல்லை.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நகரத்தில் பதினாறு கட்டடங்கள் அவர் பொறுப்பு. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய் மூன்று மணிக்கு வீடு திரும்புவார்; வியாழன் மட்டும் வார விடுமுறை. மனைவி ஒரு பெரிய கடையில் பில் போடும் இடத்தில் வேலை பார்த்தார்; இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை. இடையில் உள்ள ஒரு மணி நேரத்துக்கு எதிர்வீட்டு அக்கா வந்து உட்கார்வார். ஆக, மகளுக்குக் காலையும் மதியமும் ஊட்டுவது அம்மா. இரவுச் சாப்பாடு அப்பா. ஏழு மணிக்கு.

மகளுக்கு அவர் வைத்திருந்த பெயர் மேனேஜர். கை கால் விறைத்திருக்கும், பேச்சு கிடையாது. ஆனால் வீட்டில் யார் எப்போது எழுந்திருக்க வேண்டும், எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதெல்லாம் அவள் கண்ணசைவில்தான் நடக்கும். ஏதாவது கீழே விழுந்து சத்தம் வந்தால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அதற்காகவே அவர் எங்கள் காத்திருப்பு அறையில் சாவிக்கொத்தைத் தவறவிடுவார். அவள் உடம்பு குலுங்கச் சிரிப்பாள். எழுத்தர் எரிச்சலோடு நிமிர்ந்து பார்ப்பார். "மன்னிச்சுக்கங்க சார், மேனேஜர் உத்தரவு," என்பார் லிஃப்ட்காரர்.

மகளைத் தொடுவதற்கு முன் நகக்கண்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவார். மையத்துக்கு வரும்போதும் அந்தப் பிரஷ் சட்டைப் பையில் இருக்கும். அப்படியும் போகாத கருப்பு விரல் ரேகைகளில் தங்கியிருக்கும். எங்கள் ஆட்கள் பார்த்ததெல்லாம் அந்தக் கருப்பைத்தான்.

நான் அங்கே பேச்சும் விழுங்குதலும் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர். அவர் என்னை டீச்சரம்மா என்பார். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை முதல் தடவையாகச் சொன்னார்.

"டீச்சரம்மா, ராத்திரிச் சாப்பாட்டுல மேனேஜர் இருமுறாங்க. பெரிய இருமல் இல்ல. அடக்கி அடக்கி ஒரு இருமல். அப்புறம் குரல் மாறிடுது. தண்ணிக்குள்ள இருந்து கத்துற மாதிரி."

சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் இப்படித்தான் இருமல் வரும், அதுவே பிறகு நெஞ்சில் சளியாய்க் கட்டும். சோதித்துப் பார்த்தேன். காலை பதினொன்றரை மணி. நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தாள். மசித்த வாழைப்பழம் பத்துக் கரண்டி, தண்ணீர் அரைக் குவளை. ஒரு செருமல்கூட இல்லை. பக்கத்தில் நின்ற அம்மாவைக் கேட்டேன்.

"நீங்க ஊட்டும்போது இருமுவாளா?"

"இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சு இல்ல."

உள்ளதைத்தான் அந்த அம்மா சொன்னார். அம்மா சொன்னால் அதுதான் சேதி என்பது எங்கள் மையத்தில் எழுதாத சட்டம். அப்பாக்கள் வந்தால் பையைத் தூக்க வந்தவர்கள் போலத்தான் நடத்துவோம். 'விழுங்குதல் பாதுகாப்பானது' என்று எழுதினேன். அடுத்த வரியில், 'தந்தை அதிகம் கவலைப்படுகிறார்.'

இந்த இடத்தில் பொட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கோப்புகளின் வலது மூலையில் வட்டமான சிறு ஒட்டுத்தாள்கள் உண்டு. பச்சை என்றால் சொன்னபடி கேட்கும் பெற்றோர். மஞ்சள் என்றால் மறதிக்காரர்கள். சிவப்பு என்றால் தொல்லை. பெற்றோர் யாருக்கும் இது தெரியாது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவோம்: சிவப்புப் பொட்டு உள்ளே வந்தால் பத்து நிமிடத்தில் எழுந்து நின்றுவிடு, நீ நின்றால் அவர்களும் நிற்பார்கள், நின்றவர்கள் போய்விடுவார்கள். எனக்கு இதை ஒரு மூத்த பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

லிஃப்ட்காரர் இருமலைப் பற்றி நான்காவது முறை பேசியபோது பொட்டு வைத்தார்கள். அன்று அவர் கைப்பேசியில் படம் பிடித்து வந்திருந்தார். பெரிய டாக்டரிடம் நீட்டினார்.

"இத ஒரு ரெண்டு நிமிஷம் பாருங்க டாக்டர்."

"வீட்டு வீடியோவெல்லாம் பாத்துட்டிருந்தா நான் எப்பங்க பேஷன்ட்டப் பாக்கறது?"

"இவதான் டாக்டர் பேஷன்ட்டு."

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா இருக்கு நீங்க சொல்றது. சாப்பிடறா, இருமறா. எல்லாப் பிள்ளையுந்தான் இருமுது."

"அப்ப ஒருநாள் ஏழு மணிக்கு வந்து பாத்துடுங்களேன். ஒரே ஒரு நாள். நான் சொல்றது பொய்னா இனிமே வாயே திறக்க மாட்டேன்."

கொஞ்சம் குரல் உயர்ந்திருக்கலாம். அவர் கேட்டது இவ்வளவுதான். நாள் முழுக்க உட்கார்ந்து, குலுங்கி, களைத்துப்போன ஒரு குழந்தை மாலை ஏழு மணிக்கு எப்படி விழுங்குகிறது என்று யாராவது ஒருவர் வந்து பார்க்க வேண்டும். மையம் நாலு மணிக்குப் பூட்டிவிடும். 'தந்தை ஆவேசமடைகிறார்' என்று சமூகப் பணியாளர் அம்மாள் எழுதி, நாக்கால் நனைத்து, பொட்டை ஒட்டினார். ஒட்டுத்தாளின் பின்புறம் ஏற்கெனவே பசை உண்டு. நனைக்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவருக்குப் பழக்கம்.

அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பெண்ணுக்கு முதல் தடவை நெஞ்சில் சளி கட்டியது. பதினோரு நாள் வார்டில் இருந்தாள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார்கள். எட்டு மாதம் கழித்து மறுபடியும். இரண்டாவது தடவை எங்கள் கோப்பில் ஏறிய வரி: 'தந்தை அவசரமாக ஊட்டுவது காரணமாக இருக்கலாம்.' யாரும் பார்த்ததில்லை. ஊட்டும் நேரத்தில் போய்ப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லையே. அடுத்து வந்த டாக்டர் அதையே பார்த்து எழுதினார், 'இருக்கலாம்' என்பதை மட்டும் விட்டுவிட்டு.

அவரைப் பெற்றோர் பயிற்சிக்கு அனுப்பினோம். மூன்று வாரம். படிப்பு முடித்து ஆறு மாதம் ஆன ஒரு பெண், ரப்பர் பொம்மையை மடியில் வைத்துக் கரண்டியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று காட்டினாள். மகள் பிறந்ததிலிருந்து அவளுக்கு ஊட்டிய மனிதர் பொம்மையை வாங்கி மடியில் வைத்தார். கழுத்தைத் தாங்கினார். கரண்டியைக் கொண்டுபோனார்.

"நல்லா பண்றீங்க சார்," என்றாள் அந்தப் பெண்.

"பொம்மை ரொம்ப நல்ல பிள்ளைம்மா. இருமவே இல்ல. ஆனா பாருங்க, இதுக்குப் பசியும் இல்ல."

அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் 'பயிற்சியைக் கேலி செய்கிறார்' என்று எழுதிக் கொடுத்தாள். எழுதுவது எப்படி என்று அவளுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

இதில் இன்னொரு அசிங்கம் உண்டு. நாங்கள் அந்த வீட்டுக்குள்ளும் கையை விட்டோம். ஒவ்வொரு தடவையும் அம்மாவைத் தனியாக அழைத்து, "அவர் சொல்றது உண்மையா? நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டோம். ஒருநாள் வராந்தாவில் அந்த அம்மா கணவரிடம் பேசியது என் அறைக்குள் கேட்டது.

"நான் ஊட்டறப்ப வராத இருமல் நீ ஊட்டறப்ப எங்கேருந்து வருது? என்னை என்னான்னு நெனைப்பாங்க?"

"உனக்கு ஏழு மணிக்கு வீட்டுல இருக்கற குடுப்பினை இல்ல. அவ்வளவுதான். உன்னை யாரு குத்தம் சொன்னா?"

பிறகு ஒரு விடுமுறை நாளில் அந்த அம்மாவே இரவுச் சாப்பாட்டை ஊட்டியிருக்கிறார். மறுநாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கணவர் இல்லாமல், பேருந்தில் தனியாக வந்தார். கதவருகே நின்றுகொண்டே சொன்னார்.

"அவர் சொல்றது நெசம்ங்க. நான்தான் தெரியாம இல்லைன்னு சொல்லிட்டு இருந்தேன். நானே கேட்டேன். என் காதால கேட்டேன்."

அன்று சமூகப் பணியாளர் எழுதியது: 'தாயும் தந்தையின் அச்சத்துக்கு ஆட்பட்டுவிட்டார். குடும்ப ஆலோசனை தேவை.' எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். தாய் இல்லை என்றபோது அவர் சொல் சான்று. ஆம் என்றபோது அதுவே நோய். எனக்கு அன்றைக்கே குமட்டியிருக்க வேண்டும். குமட்டவில்லை. மதியம் சாப்பிட்டேன்.

போன வருடக் கடைசியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே பெரிய டாக்டரும் எழுத்தரும். மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். பராமரிப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டால் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருப்பு அறையில் மகளோடு உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர் எழுந்தார்.

"டீச்சரம்மா, மேனேஜரக் கொஞ்சம் பாத்துக்கங்க."

மொட்டைமாடி அறைக்குப் போனார். இருபது நிமிடத்தில் லிஃப்டைக் கையாலேயே மெல்ல இறக்கி இரண்டாம் மாடியில் நிறுத்தினார். கதவு திறந்ததும் பெரிய டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கருப்பு ரேகைக் கையை.

"நீங்க மட்டும் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்! தெய்வம் மாதிரி வந்தீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். ஆனா ரெண்டு நாளைக்கு இதுல யாரும் ஏற வேணாம். பிரேக் பட்டை தேஞ்சு போயிருக்கு."

"காலையில நல்லாத்தானே ஓடிச்சு?"

"காலையில நல்லாத்தான் ஓடும். நாள் பூரா ஓடி ஓடி ஓய்ஞ்ச பிறகுதான் வழுக்கும். காலையில வந்து சோதிச்சா ஒண்ணும் தெரியாது."

பெரிய டாக்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை. சாட்சி கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் 'லிஃப்ட் இயங்காது' என்று அட்டை தொங்கியது. அவர் ஒருவர் வாய்வார்த்தையை நம்பி இரண்டு நாள் நாங்கள் அத்தனை பேரும் மூன்று மாடி ஏறி இறங்கினோம்.

லிஃப்ட்காரர் மெதுவாகச் சொன்னார். "எங்க மேனேஜரும் அப்படித்தான் டாக்டர். சாயங்காலம்தான் வழுக்குது."

வராந்தாவில் இருந்தவர்கள் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டருக்கு வேறு வழியில்லை. "சரிங்க, எழுதிக் குடுங்க, ஒருநாள் ஏழு மணிக்கு ஆள அனுப்பிடலாம்," என்றார். லிஃப்ட்காரர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மகள் பக்கம் குனிந்து, "மேனேஜர், ஆபீஸ்ல உங்க மனு பாஸாயிடுச்சு," என்றார். சாவிக்கொத்தைத் தரையில் போட்டார். அவள் சிரித்தாள்.

வேலை நேரத்துக்கு அப்பாற்பட்ட வீட்டுச் சோதனைக்கான படிவத்தை நானே நிரப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. சிவப்புப் பொட்டு வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாதாம், இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டுமாம், பாதுகாப்பு விதி. இரண்டாவது ஆளைத் தேடினேன். ஒருவருக்கு மாலையில் பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துவர வேண்டும். ஒருவருக்கு முதுகுவலி. சமூகப் பணியாளர், "அந்த ஆளு வீட்டுக்கா? ஐயோ, நான் மாட்டேம்பா. ஆவேசக்காரர்," என்றார். அவர் எழுதியதை அவரே நம்பினார். மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. லிஃப்ட்காரர் ஒவ்வொரு வியாழனும் கேட்பார், சண்டை பிடிக்கிற குரலில் இல்லை, வீட்டுக்கு விருந்தாளி எப்போது வருவார் என்று கேட்கிற குரலில். "எந்த நாள்னு சொல்லிட்டா மேனேஜருக்கு நல்ல சட்டை போட்டு வைப்பேன்."

ஐந்து வாரம் இப்படிப் போனது. ஆறாவது வாரம் அவர்கள் வரவில்லை. வார்டில் சேர்த்திருந்தார்கள். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை வேலை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, சமையல் இடம். சுவரோரம் அவரே செய்த சாப்பாட்டு நாற்காலி. தலை சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. சாய்மானத்தை ஐந்து நிலையில் மாற்ற ஐந்து துளைகள். நடுத் துளை மட்டும் தேய்ந்து அகலமாகியிருந்தது. சரியான சாய்மானம். புத்தகத்தில் உள்ள அளவு. அவசரமாக ஊட்டுகிறவர் என்று நாங்கள் எழுதிய மனிதர் எந்தப் புத்தகமும் இல்லாமல் கண்டுபிடித்த அளவு.

"உக்காருங்க டீச்சரம்மா," என்றார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"மொத மொத நீங்க என்கிட்ட கேட்டீங்களே, இருமுவாளான்னு. நான் இல்லைன்னேன். அதனாலதானா?"

 எனக்கு முன் லிஃப்ட்காரர்தான் பதில் சொன்னார்.

"விடு. நீ பாத்தத நீ சொன்ன. நான் கேட்டத நான் சொன்னேன். ரெண்டையும் சேத்து வெச்சுப் பாக்கறது இவங்க வேலை. அது உன் வேலை இல்ல."

"இல்லீங்க, உங்களால இல்ல," என்றேன் அந்த அம்மாவிடம். "எங்களால. என்னால."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. எங்கள் வாயிலிருந்து வரும் எதையும் அவர் ஏன் நம்ப வேண்டும்?

புறப்படும்போது லிஃப்ட்காரர் வாசல்வரை வந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது.

"பாத்துப் போங்க. வீடு எங்க உங்களுக்கு?"

சொன்னேன்.

"இங்கேருந்து ரெண்டு ஸ்டாப்தானே?"

"ஆமா."

"அவ்வளவு பக்கமா," என்றார்.  கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஐந்து வாரமும் வேலை முடிந்து கடைகளுக்குப் போய்விட்டு ஆறரை மணிக்கு நான் போன பேருந்து அந்தத் தெரு முனையைத் தாண்டித்தான் போனது. விதி இரண்டு பேர் என்றது. நான் ஒருத்தியாக ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன்.

நேற்று பெரிய டாக்டர் ஒரு படிவத்தை என் மேஜையில் வைத்தார். இறந்த குழந்தையின் கோப்பை மூடுவதற்கான முடிவுக் குறிப்பு. "கடைசியாப் பாத்தது நீதானே, நீயே எழுதிடும்மா. ஆலோசனையெல்லாம் உரிய காலத்துல குடுத்தாச்சுன்னு ஒரு வரி போதும். நீட்ட வேணாம்." தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்த இடத்தை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

படிவத்தின் ஏழாவது கேள்வி, 'பெற்றோர் முன்னரே தெரிவித்தவை, தேதியுடன்.' ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள். இதுவரை நான் பார்த்த முடிவுக் குறிப்புகள் எல்லாவற்றிலும் அங்கே 'ஏதுமில்லை' என்றுதான் இருக்கும். கோப்பை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. எடுத்து வந்திருக்கிறேன். ஒவ்வொரு வருகையாகப் புரட்டி, கவலை, ஆவேசம், கேலி என்று நாங்கள் எழுதிய இடங்களில் அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று, படிவத்தோடு இணைக்க ஒரு தனித்தாளில் தேதியுடன் எழுதி வருகிறேன். அவர் சொன்ன தடவைகள் இருபத்து மூன்று. படிவம் நாளைக் காலை பத்து மணிக்குத் தர வேண்டும். பதினான்கு தேதிகள் எழுதியிருக்கிறேன்.